திகதி பிழை

பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
நண்டு வாடியின் கணக்கு மேசையில்
ஒரு லப்டொப் கிடக்கு.
மூடியில் ஸ்டிக்கர்: சொத்து இல. 114.
கந்தோரைப் பூட்டிக்கொண்டு நிறுவனக்காரர் போன நாள்
கதிரை, மின்விசிறி, வெள்ளைப் பலகையோடு
ஏலத்தில் எடுத்தது.
கணக்கெழுதப் போதும்.
ஏழாம் இலக்கக் கட்டையை மட்டும்
இரண்டு தரம் அமத்த வேணும்.

இந்த மாதம் தொட்டு
எடையைக் கடதாசியில் அனுப்பாதே என்கிறது கம்பனி.
இரவு எட்டுக்கு முன்னம் இணையத்தில் ஏற்று.
ஏற்றாவிட்டால் விடியலில் லொறி வராது,
ஐஸ் கரையும்.
நண்டுகளுக்கு இதொன்றும் தெரியாது.
கட்டிய காலோடு
பெட்டிக்குள் நுரை கக்கிக்கொண்டு கிடக்கும்.

ரவுட்டரைக் கூரை வளையில்
தங்கூசி நரம்பால் கட்டினேன்.
பச்சை வெளிச்சம் மூன்று.
தராசு பிடிக்கிற கோணாமலையின் போனுக்கு வந்தது.
ஐஸ் இறக்க வந்த பொடியனின் போனுக்கும் வந்தது.
நூற்றிப் பதினாலுக்கு வரவில்லை.
வைஃபை கேட்கிற காது
அதற்கு எப்பவோ செத்துப் போச்சாம்.

ஓட்டமாவடியில் ரிஸ்மியின் கடை.
நகமளவில் ஒரு சாமான், ஆயிரத்து இருநூறு.
"குத்தினாச் சரி அக்கா."
குத்தினேன்.
தன்னை எழுப்ப ஒரு மென்பொருள் வேணுமென்றது.
அது எங்கே?
இணையத்தில்.
இணையத்துக்கு எப்படிப் போவது?
தன்னைக் கொண்டுதான்.

கோணாமலை எட்டிப் பார்த்தான்.
"துடுப்பு தோணிக்குள்ள.
தோணி அக்கரையிலயோ கா?"

மறுகா அவன் போனில் இறக்கி
வயரால் இதற்குள் ஊற்றினோம்.
வட்டம் சுற்றிற்று. சுற்றிற்று.
ஐந்து கோடும் எழும்பிற்று.
கம்பனியின் பக்கத்தைத் தட்டினேன்.

இந்த இடம் பாதுகாப்பில்லை.
திரும்பிச் செல்லவும்.

வங்கியைத் தட்டினேன். அதுவும் பாதுகாப்பில்லை.
வானிலை. அதுவும்.
மணி ஏழு பதினைந்து.

ரிஸ்மி போனில் சொன்னான்:
"கீழ் மூலையில திகதியப் பாருங்க."
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஏழு.
"உள்ளுக்க ஒரு பட்டன் பற்றறி செத்திருக்கும்.
அணைச்சி எழுப்பினா அந்த நாளுக்கே போயிரும்.
இப்பத்தச் சான்றிதழெல்லாம்
அதுக்கு இன்னும் பிறக்கல்ல."

அந்தக் கிழமை
நான் களப்புக்குள் நின்றேன்.
தண்ணீர் நெஞ்சளவு.
தலையில் ஒரு ஷொப்பிங் பேக்,
அதற்குள் சாதாரண தரப் பரீட்சையின் சுட்டெண் அட்டை,
தம்பியின் ஒரு சேட்டு.
இந்த இடம் பாதுகாப்பில்லை என்று
யாரும் அப்போது எழுதிக் காட்டவில்லை.
சத்தத்தை வைத்துத்தான் அறிந்தோம்.
திரும்பிச் செல்ல என்றால்
எந்தப் பக்கம் என்றும் தெரியாது.

"அக்கா? லைன்ல இருக்கிறீங்களா?"

இருக்கிறேன்.
நாளை மாற்றினேன், மாதத்தை மாற்றினேன்,
ஆண்டின் மேல் அம்புக்குறியை வைத்து
ஒவ்வொன்றாய் அமத்தினேன்.
எட்டு. ஒன்பது. பத்து.
ஒன்பதில் விரல் கொஞ்சம் நின்றது.
வேறொன்றுமில்லை.

கம்பனியின் பக்கம் திறந்தது.
நீலத்தில் ஒரு படம், அதில் சிரிக்கிற மீனவர்.
எங்களில் யாருமில்லை.
நாற்பத்தேழு கிலோ என்று அடித்து
ஏழு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
நீர்கொழும்பிலிருந்து உடனே பதில்:
"477 கிலோவா? உறுதிப்படுத்தவும்."
பாழாய்ப்போன ஏழு,
இன்றைக்கென்று இரண்டு தரமும் வேலை செய்திருக்கு.

பற்றறி நூற்றைம்பது ரூபாதானாம்.
ஓட்டமாவடிக்குப் போகிற நாள் வாங்குவோமென்று
மூன்று கிழமை போயிற்று.
பின்னேரம் மின்சாரம் போய்த்தான் வருகிறது,
ஒவ்வொரு தரமும் அது
அங்கே போய் நிற்கிறது.
தராசைக் கழுவிக்கொண்டு கோணாமலை கேட்பான்:
"இண்டைக்கு எத்தினையாம் ஆண்டு கா?"

பொறு.
சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.